மேற்கோள் வாத்தியாரும் முனைவர் குருவம்மாளும்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் யாராவது கட்டுரைப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினால், முதல் பரிசு எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதைப் பசை தடவுகிற ஆளே சொல்லிவிடுவார். பாளையம்பட்டிப் பக்கம் இருக்கும் அந்த மேல்நிலைப் பள்ளிக்குத்தான் போகும். அங்கேதான் தமிழாசிரியர் வெங்கடரமணன் இருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மேற்கோள் வாத்தியார். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

நெசவுக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அண்ணன்மார் இருவரும் தறியில் உட்கார்ந்தபோது இவர் மட்டும் படிப்பைப் பிடித்துக்கொண்டார். பத்தாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்காக ‘சிக்கனம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பாதியிலேயே சரக்குத் தீர்ந்துவிட்டது. பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று, ‘சிக்கனமாக வாழும் குடும்பங்களில் நோய் குறைவு என்று ஒரு வெளிநாட்டு ஆய்வு கூறுகிறது’ என்று எழுதி வைத்தார். அப்படியோர் ஆய்வை யாரும் செய்ததாக அவருக்குத் தெரியாது. செய்திருக்க மாட்டார்கள் என்றும் தெரியாது. பரிசு கொடுக்க வந்தவர் அந்த வரியை மேடையில் வாசித்துக் காட்டி, “பையன் ஆதாரத்தோட பேசுறான்” என்றார். மண்டபமே கைதட்டியது. வெங்கடரமணன் வாழ்க்கையில் எந்தப் பாதையில் போகப்போகிறார் என்பது அந்தக் கைதட்டலிலேயே முடிவாகிவிட்டது.

ஆசிரியரான பிறகு அதை ஒரு முறையாகவே ஆக்கிக்கொண்டார். கரும்பலகையில் ஒரு மேசை வரைவார். மேலே உள்ள பலகையில் ‘கருத்து’ என்று எழுதுவார். கால்களில் ‘ஆதாரம்’ என்று எழுதுவார்.

“கால் இல்லாம மேசை நிக்குமாலே?”

“நிக்காது சார்.”

“அப்ப கருத்தை மட்டும் எழுதிட்டு வந்து நிக்கிறியே, இது மேசையா, பலகையா?”

இதுவரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. நல்ல பாடம்தான். தகராறு கால்களில் இருந்தது. முதல் கால், வெளிநாட்டு அறிஞர். இரண்டாவது, சதவீதம். மூன்றாவது, ஜப்பான். எந்தத் தலைப்பாக இருந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. ஜப்பானை முதல் பத்தியிலேயே இறக்கிவிட்ட ஒரு பையனைப் பார்த்து, “அதை இப்பவே செலவழிச்சிட்டா முடிவுரைக்கு என்னத்தலே வச்சிருக்க?” என்று வெங்கடரமணன் வருத்தப்பட்டது இன்றைக்கும் பள்ளியில் பேச்சு. சதவீதத்துக்கும் ஒரு பக்குவம் உண்டு. “எழுபத்தஞ்சுன்னு போடாத. ரவுண்டா இருந்தா சந்தேகப்படுவாங்க. எழுபத்து மூணு புள்ளி நாலுன்னு போடு. புள்ளி வந்துட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.”

அறிஞரின் பெயர் ராபர்ட் ஹாலிங்டன். வெங்கடரமணன் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் உண்டாக்கிய ஆள். பிளாஸ்டிக், பெண்கல்வி, கைபேசி, மழைநீர், சாலைப் பாதுகாப்பு என்று ஹாலிங்டன் கருத்துச் சொல்லாத விஷயமே கிடையாது. ஒரு கட்டுரையில் இங்கிலாந்துக்காரராக இருப்பார், இன்னொன்றில் அமெரிக்காவில் பேராசிரியராக இருப்பார். ஒரு தடவை ‘மறைந்த’ என்றுகூட ஒரு பிள்ளை எழுதிவிட்டது. அடுத்த மாதமே உயிர்த்தெழுந்து உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். நடுவர்கள் ஒருவர்கூட யார் இந்த ஆள் என்று கேட்டதில்லை. அவர்களும் தமிழாசிரியர்கள்தான். கேட்டால் தங்களுக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

தலைமையாசிரியர் நாகராஜுக்கு இந்த முறையில் பரம திருப்தி. அவருடைய அறை அலமாரியில் கேடயங்கள் முட்டிக்கொண்டு நின்றன.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஊரில் ஒரு நற்பணி மன்றம் ‘சீமைக்கருவேலம்: வேண்டுமா, வேண்டாமா?’ என்று போட்டி வைத்தது. கேள்விக்குறி சும்மா அழகுக்குப் போட்டது. வேண்டாம் என்றுதான் எழுத வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வெங்கடரமணனின் பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்றார் ஹாலிங்டன். சதவீதம் புள்ளியோடு வந்தது. ஜப்பானில் ஒரு சீமைக்கருவேலம்கூடக் கிடையாது என்று முடிந்தது. இது ஒன்றுதான் உண்மையாக இருக்க வாய்ப்பிருந்தது.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் மாற்றி எழுதியிருந்தாள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பிளஸ் ஒன் படிக்கும் தங்கலட்சுமி. கட்டுரைகளை அனுப்ப வேண்டிய சாயங்காலம் கடைசி ஆளாக வந்து நீட்டினாள். வெங்கடரமணன் நின்றுகொண்டே வாசித்தார்.

‘மழை பொய்த்த வருடங்களில் எங்களுக்குச் சோறு போட்டது சீமைக்கருவைதான் என்று குருவம்மாள் கூறுகிறார்’ என்ற வரியில் அவர் விரல் நின்றது.

“யாரும்மா இது குருவம்மாள்?”

“எங்கம்மா சார். கரிமூட்டத்துல வேல பாக்குறாக. கருவைய வெட்டி அடுக்கி, மண்ணு பூசி, உள்ளுக்குள்ளயே எரிய விட்டுக் கரி எடுக்கிற வேல.”

“அம்மாவெல்லாம் ஆதாரம் ஆக மாட்டாங்கம்மா. அறிஞர் யாராவது சொல்லணும்.”

“ஹாலிங்டன் கருவை வேணாம்னு சொல்லியிருக்காரே சார். மத்த எல்லாக் கட்டுரையிலயும் அப்பிடித்தான் இருக்கு. என்னுதுல மட்டும் வேணும்னு சொன்னா மாட்டிக்குவாரு.”

வெங்கடரமணனுக்கு முதல்முறையாக ஹாலிங்டனின் நாணயத்தைப் பற்றிக் கவலை வந்தது. பிள்ளை சொல்வது சரிதான். நேரமும் இல்லை. பேனாவை எடுத்து, குருவம்மாளுக்கு முன்னால் ‘முனைவர்’ என்று சேர்த்தார். பின்னால் ‘வறண்டநில ஆய்வாளர்’ என்று சேர்த்தார். இந்த ஆளாவது உயிரோடு இருக்கிறார் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தங்கலட்சுமி நகராமல் நின்றாள். “சார், எங்கம்மா இன்னொண்ணும் சொன்னாக. ஆனா அது என் கருத்துக்கு எதிரா வருது. எழுதவா?”

“எதிரா வந்தா அது ஆதாரம் இல்லம்மா, தொந்தரவு. விட்டுரு.”

இந்தக் கட்டுரை எப்படியும் தேறாது, எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் அனுப்பினார்.

அது முதல் பரிசு வாங்கிவிட்டது.

மன்றத்தின் செயலாளர் காசிராஜன் பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். போனில் அவர் குரல் தழுதழுத்தது. “சார், எல்லாக் கட்டுரையிலயும் அதே வெள்ளைக்காரர். படிச்சு எங்களுக்கே சலிச்சுப் போச்சு. இந்தப் பிள்ள கட்டுரையில நம்ம மண்ணு ஆளு! ஒரு பெண் விஞ்ஞானி நம்ம பக்கத்துலயே இருக்காகன்னு தெரியாமப் போச்சே எங்களுக்கு! விழாவுக்கு அவுகளத்தான் சிறப்பு விருந்தினராக் கூப்பிடணும்னு தீர்மானம் போட்டாச்சு.”

வெங்கடரமணன் அவசரமாக ஒரு சாக்கைப் பிடித்தார். “அவுக ரொம்ப பிசி சார்.”

“எங்க வேல பாக்குறாக?”

“களப்பணி சார்.” இதில் பொய் இல்லை என்று அவருக்கு ஒரு தெம்பு வந்தது. “எந்நேரமும் காட்டுலதான் இருப்பாக. மரத்த எரிச்சு என்ன மிஞ்சுதுன்னு பாக்குற வேல.”

“பாத்தீங்களா! ஆராய்ச்சின்னா அதுதான் சார் ஆராய்ச்சி. நம்ம ஆளுக ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறாங்க.”

மறுநாள் காலை தலைமையாசிரியர் நாகராஜ் கூப்பிட்டுக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. ‘முனைவர் குருவம்மாள் அவர்களே, வருக வருக’ என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது. புகைப்படம் கிடைக்காததால் அந்த இடத்தில் ஒரு மரத்தின் படத்தைப் போட்டிருந்தார்கள். அதுவும் வேப்பமரம்.

“நம்ம பள்ளி மூலமா வாராக சார். பெரிய கௌரவம். நீங்களே போயிக் கூட்டிட்டு வந்துருங்க” என்றார் நாகராஜ்.

“சார், அவங்க முனைவர்தானான்னு ஒரு தடவை...”

“உங்க பிள்ளை எழுதியிருக்கு, நீங்க திருத்தியிருக்கீங்க. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

சனிக்கிழமை வெங்கடரமணன் ஷேர் ஆட்டோ பிடித்து எம்.ரெட்டியபட்டிக்குப் போனார். ஊருக்கு வெளியே, பருத்திக் காட்டைத் தாண்டி, மண் பூசிய பெரிய மூட்டத்தின் ஓரத்தில் ஓட்டைகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குருவம்மாள் தலையில் துண்டைக் கட்டி, மண்வெட்டியால் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தவிர எல்லாம் கரி. வெங்கடரமணன் மூக்கைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

“முனைவர்னா என்ன சார்?”

“ரொம்பப் படிச்சவங்கன்னு அர்த்தம்மா.”

“நான் அஞ்சாப்புத் தாண்டலயே.”

“மேடையில அதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க வந்து உக்காந்தாப் போதும். கடைசியில ‘நன்றி, வணக்கம்’னு ரெண்டே வார்த்தை சொல்லுங்க.”

குருவம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பொய் சொல்லச் சொல்றீகளா?”

“நன்றியில என்னம்மா பொய் இருக்கு?”

குருவம்மாள் இன்னும் ஓர் ஓட்டையை அடைத்துவிட்டு, “எம்மகளுக்குத்தான் முதப் பரிசா? நெசந்தானா?” என்றார்.

“நிஜம்தான்.”

“அப்ப வாரேன். மூட்டத்தை அவுகப்பா பாத்துக்கிடுவாக. கண்ணசந்தா தீப்பிடிச்சு அம்புட்டும் சாம்பலாப் போயிரும்.” பிறகு, “சால்வை போடுவாகளா?” என்று கேட்டார்.

“போடுவாங்க.”

“நல்லா அகலமாப் போடச் சொல்லுங்க.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வெங்கடரமணனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சுபலட்சுமி விசாரித்து, முழுவதையும் கேட்டுவிட்டுத் தெலுங்கில் ஒரே வாக்கியம் சொன்னாள். இத்தனை நாளும் இல்லாத ஆளைப் பேசவைத்தீர்கள், ஒரு வம்பும் வரவில்லை. இப்போது இருக்கிற ஆளைப் பிடித்துவிட்டீர்களே என்பது அதன் பொருள். அவருக்கு அது ஆறுதலா, இடிப்பா என்று பிடிபடவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குருவம்மாள் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றி முழுக்கத் திருநீறு பூசி வந்திருந்தார். விரல் இடுக்குகளில் மட்டும் கரி போகவில்லை. ‘களப்பணி’ என்று காசிராஜன் அதைப் பக்கத்திலிருந்தவருக்குக் கண்ணால் காட்டினார். பக்கத்திலிருந்தவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

காசிராஜன் பேசினார். வறண்டநிலம் பற்றிப் பேசினார், பெண்மை பற்றிப் பேசினார், முனைவர் அவர்களின் ஆய்வுகள் வெளிநாடுகளில் பாராட்டப்பட்டதாகத் தாமாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பிறகு தங்கலட்சுமி கட்டுரையிலிருந்து அந்த மேற்கோளை வாசித்து, ஒலிபெருக்கியைக் குருவம்மாளிடம் நீட்டினார்.

முன்வரிசையில் இருந்த வெங்கடரமணன் உதட்டை அசைத்து, ‘நன்றி, வணக்கம்’ என்று காட்டினார்.

குருவம்மாள் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். “இப்ப வாசிச்சாகளே, அது நாஞ் சொன்னதுதான். இல்லங்கல. ஆனா பாதியத்தான் போட்டிருக்கு. மீதிய எங்க காணோம்?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சோறு போட்டுச்சுன்னு சொன்னேன். அதோட, அந்தப் பாழாப்போற முள்ளு வேரோட அழியணும்னும் சொன்னேன். எம் புருசன் கால்ல ஏறி, சீப்பிடிச்சு, ஒரு மாசம் படுக்கையில கெடந்தாக. எங்க பருத்திக் காட்டுல பாதிய அதுதான் தின்னுச்சு. அது நிக்கவும் வேணாம், போகவும் வேணாம். எனக்கே ஒரு முடிவு இல்ல. எம்மக எப்பிடி முடிவு பண்ணுனான்னு தெரியல. பரிசு குடுத்துட்டீக, சந்தோசம்.” கொஞ்சம் நிறுத்தி, ஏதோ ஞாபகம் வந்தவராகத் தொடர்ந்தார். “இங்க ஓட்டல் வச்சிருக்கவுக யாராச்சும் இருந்தா, எங்க மூட்டத்துல நல்ல கரி இருக்கு. புகையாது. ரெட்டியபட்டி வந்து குருவம்மான்னு கேட்டாச் சொல்லுவாக. நன்றி, வணக்கம்.”

வெங்கடரமணனுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. அவர் இத்தனை வருடமும் மேற்கோள் காட்டிய ஆட்களில் ஒருவர் எழுந்து நின்று தானாகப் பேசியது இதுதான் முதல் தடவை. இனி மன்றத்துக்காரர்கள் தன் சட்டையைப் பிடித்துக் கேட்பார்கள், நாகராஜ் மெமோ கொடுப்பார் என்றெல்லாம் அவருடைய மனம் ஓடியது.

ஆனால் கைதட்டல் மண்டபக் கூரையைத் தூக்கியது.

“எவ்வளவு எளிமை பாருங்க! படிச்ச திமிரே இல்ல” என்றார் ஒருவர்.

“கரின்னு சொன்னாங்களே, அதுல உள்ளர்த்தம் இருக்கு” என்றார் இன்னொருவர்.

காசிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சால்வையைப் போர்த்தினார். அகலமாகத்தான் இருந்தது.

விழா முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது குருவம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டார். வெங்கடரமணன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

“ஏன்டி, நாஞ் சொன்னதுல உனக்குத் தோதானத மட்டும் எடுத்துக்கிட்டு மீதியத் தூரப் போட்டியா?”

“எதிரா வந்தா அது தொந்தரவு, விட்டுருன்னு சார் சொன்னாரும்மா.”

குருவம்மாள் திரும்பி வாத்தியாரைப் பார்த்தார். கோபம் இல்லை. பெரிய படிப்புப் படித்த மனிதர், ஏதாவது காரணம் இருக்கும் என்று காத்திருக்கிற பார்வை. வெங்கடரமணன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காசிராஜனின் இரும்புக் கடைக்குப் போய், அந்தம்மா முனைவர் இல்லை, ‘முனைவர்’ என்று சேர்த்தது தன் பேனா என்று போட்டு உடைத்துவிட்டார்.

காசிராஜன் ஆணிகளை எடை போடுவதை நிறுத்தவில்லை. “இருக்கட்டும் சார். நம்ம மன்றத்து மலர்ல அச்சாயிருச்சு.”

“தப்பா அச்சாயிருக்கு சார்.”

“பேப்பர்லயும் வந்துருச்சே. ரெண்டு எடத்துல வந்திருக்கு, நீங்க ஒரு ஆளு மட்டும் இல்லங்கிறீங்க. முனைவர் இல்லங்கிறதுக்கு எதுவும் கையில வச்சிருக்கீங்களா?”

வெங்கடரமணன் யோசித்துப் பார்த்தார். ஒருவர் படிக்கவில்லை என்பதற்கு எந்தச் சர்ட்டிபிகேட்டும் இல்லை.

“சும்மா கவலப்படாதீக சார்” என்று காசிராஜன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் திருச்சுழிப் பக்கம் ஒரு கருத்தரங்குக்கும் குருவம்மாளுக்கு அழைப்பு வந்தது என்றும், அவர் இரண்டு கோணிப்பை கரியோடு போய் இறங்கி விற்றுவிட்டு வந்தார் என்றும் பிற்பாடு கேள்வி.

இதற்குப் பிறகு வெங்கடரமணனின் வகுப்பு மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. பழக்கதோஷத்தில் ஹாலிங்டன் இன்னும் இரண்டொரு கட்டுரையில் தலைகாட்டினார். ஆனால் கரும்பலகையில் மேசை வரைவது நின்றது. அதற்குப் பதில் மூன்றே கேள்விகள்தான். “யாரு சொன்னா? நீ நேர்ல கேட்டியா? மீதி என்ன சொன்னாங்க?” பிளாஸ்டிக் ஒழிப்பு என்று தலைப்பு வந்தால், பந்தல்குடி ரோட்டுக் கடைகளில் போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னார். கேட்டதில் கருத்துக்குச் சாதகமானதை ஒரு பக்கமும், இடிக்கிறதை ஒரு பக்கமும் எழுத வேண்டும். இடிக்கிற பக்கம் காலியாக இருந்தால், “நீ ஊரைச் சுத்தல, வீட்டுலயே உக்காந்து எழுதியிருக்க” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கட்டுரைகள் நன்றாகவே வந்தன. பரிசுகள்தான் வரவில்லை. அந்த வருடம் முழுவதும் பள்ளிக்குக் கிடைத்தது ஓர் ஆறுதல் பரிசு. அதுவும் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் ஒழிப்புக் கட்டுரைக்கு. கட்டுரையின் ஓரத்தில் நடுவர், ‘செய்திகள் அதிகம், உணர்ச்சி குறைவு, முடிவெடுக்கத் தயங்குகிறார்’ என்று எழுதியிருந்தார். முதல் பரிசு வாங்கிய பக்கத்துப் பள்ளிக் கட்டுரையில் ஒரு பிரெஞ்சு அறிஞர் பேசியிருந்தார். வெங்கடரமணன் அந்தப் பெயரைக் கண்டதுமே புரிந்துகொண்டார். தொழில் தெரிந்தவருக்கு வேலைப்பாடு தெரியாதா?

நாகராஜ் கூப்பிட்டுவிட்டார். “என்ன சார், அலமாரியில தூசி படியுது. பிள்ளைங்களுக்கு நீங்க பழையபடி நல்லாச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?”

“இப்பத்தான் சார் சொல்லிக் குடுக்கிறேன்” என்றார் வெங்கடரமணன். அடுத்த மாதத்திலிருந்து போட்டிப் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியருக்குப் போனது.

இவருக்கு வகுப்பு மட்டும் மிஞ்சியது. அதில் தங்கலட்சுமி இருந்தாள், இப்போது பிளஸ் டூ. ஒருநாள் மதியம் ஆசிரியர் அறைக்கு ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தாள். எந்தப் போட்டிக்கும் இல்லை, அவளாக எழுதியது. ஊருக்குப் பக்கத்து ஓடையில் யார் ஆடு மேய்ப்பது, யார் கருவை வெட்டுவது என்கிற தகராறு பற்றி. அம்மா சொன்னது முழுசாக இருந்தது. அப்பா அதை மறுத்துச் சொன்னதும் இருந்தது. வெங்கடரமணன் பேனாவைத் திறக்காமலேயே கடைசிவரை வாசித்தார்.

“ஆட்டுக்காரர் என்ன சொல்றாருன்னு இல்லையேம்மா?”

தங்கலட்சுமி சங்கடமாக நெளிந்தாள். “சார், அவுக வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது.”

“அப்பக் கட்டாயம் அவரைத்தான் கேக்கணும்.”

“அம்மா திட்டுவாக சார்.”

“திட்டுனா, என்ன சொல்லித் திட்டுனாங்கங்கிறதையும் எழுதிட்டு வா” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் வெங்கடரமணன்.